மெட்னிக்கு முந்திய புரியாணி

என் பல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலையில் உம்மா என் கடைவாயில் ஒரு கராம்பை வைத்து, "கடிச்சிப் புடிங்க புள்ள, தண்ணிய முழுங்காதீங்க" என்று சொன்னபோது, வலியில் துடிப்பவளைப் போல முகத்தைச் சுருக்கிக்கொண்டேன். கராம்பின் காரம் நாக்கை எரித்தது. பொய் சொன்ன வாய்க்கு அது போதாது என்றுதான் எனக்குப் பட்டது.

எழுபதுகளின் கடைசி. எனக்குக் கலியாணம் முடிந்து நான்கு மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் கணவரும் அப்படித்தான் நிந்தவூரில் எங்கள் வீட்டில், என் வாப்பா உம்மாவோடு இருந்தார். கல்முனையில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. பின்னேரம் வீடு திரும்பியதும் கல்முனைக் கதைதான். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் போடும் புரியாணியைப் பற்றி அவர் சொல்லாத நாள் குறைவு. நெய் மணக்குமாம். முழு முட்டை வைப்பார்களாம். பெண்கள் இருந்து சாப்பிடச் சீலை கட்டிய தனி அறைகளும் உண்டாம். நான் அதுவரைக்கும் வீட்டுக்கு வெளியே கடையில் இருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்தவள் இல்லை.

படத்துக்குப் போவோம் என்ற கதையையும் அவர்தான் எடுத்தார். முதலில் புரியாணி, பிறகு பகலில் ஓடும் மெட்னி ஷோ, ஐந்தரை ஆறு மணிக்குள் வீடு. "ஒத்தருக்கும் தெரியாது புள்ள. பல்லுக் குத்து எண்டு சொல்லுங்க. மிச்சத்த நான் பார்த்துக்கிறன்."

எனக்குப் பயம் வாப்பாவை நினைத்துத்தான். வாப்பா வயல்காரர். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காயர்களில் ஒருவர். என் காக்கா, அதாவது அண்ணன், பதினேழு வயதில் களவாகப் படம் பார்த்து அகப்பட்டபோது வாப்பா அவரை அடிக்கவில்லை. நாற்பது நாள் அவரோடு கதைக்காமல் விட்டார். ஒரே பாயில் இருந்து சாப்பிடுவார், பக்கத்தில் நின்று தொழுவார். ஆனால் காக்கா இருக்கும் இடத்தில் சுவர் இருப்பதுபோல அவரைத் தாண்டிப் பார்ப்பார். அந்த நாற்பது நாளில் காக்கா மெலிந்துபோனார். இப்போது அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆனால் அந்தப் பார்வை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது எந்த நாளும் என் பக்கம் திரும்பலாம்.

அன்றைக்கு வாப்பா விடியவே வயலுக்குப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டிருந்தார். அந்தத் துணிச்சலில்தான் நாங்கள் பதினொன்றரை பஸ்ஸில் ஏறினோம். சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக் கன்னத்தையும் மூடிக்கொண்டேன். காரைதீவைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி, "பல்லுக் குத்தா கா? முகம் வீங்கித்தான் கிடக்கு" என்றாள். வீங்காத முகத்தைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னது எனக்கு நல்ல சகுனமாகத் தெரியவில்லை.

ஹோட்டலில் முன்பக்கம் முழுக்க ஆண்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தால் ஒரு ஒடுங்கிய வழி. அதற்குள் வரிசையாக நான்கு சிறிய அறைகள். அறை என்று சொல்வது பெரிய வார்த்தை. ஆள் உயரத்துக்குப் பலகையால் மறித்து, வாசலில் ஒரு சீலை தொங்கவிட்டிருந்தார்கள். அந்தச் சீலையில் ஆட்கள் கை துடைத்துத் துடைத்து மஞ்சள் பிடித்திருந்தது. மேசை பிசுபிசுத்தது. தண்ணீர்க் கிளாசை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். முட்டை வாடை. குடிக்காமல் வைத்துவிட்டேன்.

"கூட்டம் எண்டா கொஞ்சம் அப்படித்தான். சாப்பாட்டப் பாருங்க" என்றார் கணவர்.

வெயிட்டர் சீலையை விலக்கித் தலையை மட்டும் நீட்டிக் கேட்டான். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "ரெண்டு புரியாணி, பொம்புள அறைக்கி!" என்று கத்திக்கொண்டே போனான். என் காது சூடேறியது. முன்பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவராவது இல்லாமலா இருப்பார்?

கிட்டத்தட்ட முக்கால் மணித்தியாலம் கழித்து அது வந்தது. சோறு கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது. வாசனைக்குப் பதில் நிறம் இருந்தது; தொட்ட விரல் செம்மஞ்சளாகியது. முட்டையைப் பிளந்தேன். மஞ்சள் கருவைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. இறைச்சி முழுக்கச் சவ்வு. சூடு மேலே மட்டும். கையை உள்ளே விட்டால் நேற்றைய குளிர். கணவரின் முகத்தைப் பார்த்தேன். நான்கு மாதமாகப் புகழ்ந்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டு அவசரமாகத் தின்றார்.

"இண்டைக்கி சமைக்கிற ஆள் வேற போல" என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயெடுத்த அந்த நேரத்தில்தான் பக்கத்து அறையில் கதிரை இழுபட்டது. ஒருவர் இருமினார். அந்த இருமலை நான் பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன்.

வாப்பா.

கணவருக்கும் விளங்கிவிட்டது. அவருடைய கை சோற்றிலேயே நின்றது. நடுவில் ஒரு பலகை மட்டும்தான். நான் கையை அசைத்தால் காப்புகள் கிலுங்கும். ஆகவே மேசையில் இருந்த கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். வாயில் ஒரு சவ்வுத் துண்டு. மெல்லவும் பயம், துப்பவும் பயம், விழுங்கவும் முடியவில்லை. அகப்பட்டுக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். யாரோ கண்டு சொல்லி, வாப்பா எங்களைத் தேடி வந்துவிட்டார். இதோ சீலை விலகப்போகிறது.

விலகவில்லை. இன்னொரு குரல் கேட்டது. கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த, வாப்பாவின் இளவயதுக் கூட்டாளி. ஒதுக்கமாகக் கதைக்க அவர்தான் ஹோட்டல்காரரிடம் கேட்டு அந்தப் பெண்கள் அறையை எடுத்திருக்க வேண்டும்.

"ஒரு பணிசயாவது தேத்தண்ணியில நனைச்சித் தின்னுங்க. காலயில இருந்து வெறும் வயிறு."

"இறங்குதில்லயே" என்றார் வாப்பா.

"டாக்குத்தர் சொன்னதக் கேட்டீங்கதானே? நாள் கடத்தப்படாதாம்."

"கேட்டன்."

"மறுகா என்ன யோசின? வாற கிழமையே வெளிக்கிடுங்க."

"வெள்ளாண்ம வெட்டு முடியட்டும்."

"அதுக்கு இன்னும் ஒண்டரை மாசம் கிடக்கு! தொண்டைக்குள்ள கட்டிய வெச்சிக்கிட்டு வெட்டு முடியட்டும் எண்டா?"

"மெல்லக் கதைங்க."

கூட்டாளி குரலைத் தணித்தார். ஆனால் பலகையில் காது வைத்ததுபோல எனக்கு எல்லாம் கேட்டது. "மஹரகமைக்கு எழுதித் தந்திரிக்கார். அந்தக் கடிதத்த என்ன செய்யப்போறீங்க?"

மஹரகமை என்பது கொழும்புக்குப் பக்கத்தில் ஓர் ஊர். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், என்ன நோய் என்று கேட்கத் தேவையில்லை. புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாயால் எடுக்கமாட்டார்கள். "அவர மஹரகமைக்குக் கொண்டுபோனாங்களாம்" என்பார்கள். கேட்டவர் தலையில் கை வைப்பார்.

"கடிதம் சட்டப் பையில கிடக்கட்டும்" என்றார் வாப்பா. "வீட்ட ஒத்தருக்கும் தெரியப்படா. இப்பதான் மகளுக்குக் கலியாணம் முடிஞ்சிரிக்கி. புள்ள சிரிச்சிக்கிட்டுத் திரியிது. அதக் கெடுக்கப்படா."

வாயிலிருந்த சவ்வு எப்போது இறங்கியது என்று தெரியாது. எழுந்து அந்தச் சீலையை விலக்கி, வாப்பா என்று கூப்பிட எனக்கு நான்கு அடிதான் வேண்டும். நான் எழும்பவில்லை. கணவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் பிடித்திருக்காவிட்டாலும் எழும்பியிருக்கமாட்டேன். எனக்கு அகப்பட்டுவிடுவேனோ என்ற பயமும் இன்னும் போகவில்லை. என் வாப்பாவின் தொண்டையில் கட்டி என்று கேட்ட பிறகும், படம் பார்க்க வந்தது தெரிந்துவிடுமே என்று நான் பயந்தேன். இதை எழுதுகையில் கை கூசுகிறது.

அவர்கள் போன பிறகும் நாங்கள் இருந்தோம். பஸ் ஸ்டாண்டில் வாப்பா நிற்பார், போக ஏலாது. ஹோட்டலிலும் இருக்க ஏலாது. வெயிட்டர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டான். ஆகவே எங்களுக்கு ஒளிந்துகொள்ள மிஞ்சிய இடம் தியேட்டர்தான். ஓடாத குறையாக நடந்து, படம் தொடங்கி அரை மணி கழித்து இருட்டுக்குள் நுழைந்தோம். என்ன படம் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நடுவில் ஒரு தாய் திரையில் நெடுநேரம் அழுதாள். பெண்கள் பகுதியில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாப்பா வந்துவிட்டிருந்தார். முற்றத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உம்மா என் தாடையைப் பிடித்து, "பல்லப் புடுங்கினதா?" என்று கேட்டார்.

"மருந்து தந்திரிக்கி" என்றேன்.

வாப்பா கண் திறந்தார். "எந்த டாக்குத்தர்ட்ட போனீங்க?"

கணவர்தான், "கந்தோருக்குக் கிட்ட ஒரு ஆள் மாமா" என்றார். வாப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு அவரிடம் இருக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரிந்தது.

உம்மா சோறு போட்டபோது வாப்பா, "நான் வெளிய சாப்பிட்டுட்டன்" என்றார். பல்லைச் சாட்டி நானும் சாப்பிடவில்லை. உம்மா இருவரையும் ஏசிக்கொண்டே சட்டியை மூடினார்.

அதற்குப் பிறகு நான் வாப்பாவின் தொண்டையைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் ஒவ்வொரு கவளம் விழுங்கும்போதும் என் தொண்டையும் அசையும். விடியற்கால சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவர் குர்ஆன் ஓதுவது வழக்கம். எங்கள் வளவைத் தாண்டிப் போகும் குரல் அவருக்கு. இப்போது ஓர் ஆயத்து வசனம் முடியுமுன்னே குரல் அறுந்து, காற்று மட்டும் வரும். திரும்ப எடுப்பார். திரும்ப அறும். உம்மா அதைத் தடிமல் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். வாப்பாவும் குடித்தார்.

"சொல்லிருவமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் பயந்துபோனார். "எப்படி அறிஞ்சீங்க எண்டு கேட்டா? நான் இந்த வீட்டுல இருக்கிற ஆள் புள்ள. உங்க வாப்பா என்னோட கதைக்காம விட்டா நான் எங்க போற?" பிறகு கொஞ்சம் யோசித்து, "அவர் கூட்டாளி எப்படியும் சொல்லித் திருத்துவார்" என்றார். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. அப்படி நம்பியே இரண்டு கிழமை போயிற்று.

வாப்பா துணி தோய்க்கப் போட்டபோது சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். கடிதம் நான்காக மடித்தபடி இருந்தது. மடித்த இடம் கிழியத் தொடங்கியிருந்தது. அவர் அதை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். இங்கிலீசில் எழுதியிருந்ததால் அவருக்கும் விளங்கியிருக்காது, எனக்கும் விளங்கவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

ஒரு நாள் பகல், உம்மா பக்கத்து வளவில் ஒரு பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போயிருந்தார். வாப்பாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். மூன்றாவது வாயில் அவருக்குப் புரைக்கேறியது. இருமி இருமி, தோளில் கிடந்த துவாயால் வாயைத் துடைத்து, அதைச் சட்டென்று உள்ளே மடித்தார். நான் கண்டுவிட்டேன். சிவப்பு.

"வாப்பா, மஹரகமைக்குப் போங்க" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "ஆர் சொன்ன?"

"ஒத்தரும் சொல்லல்ல. நான் கேட்ட. நீங்க ஹோட்டல்ல கதைக்கக்குள்ள நாங்க பக்கத்து அறையில இருந்த. எனக்குப் பல்லுக் குத்து இல்ல. படம் பார்க்கத்தான் போன." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பார்வைக்காகக் காத்து நின்றேன்.

அவர் என்னைத் தாண்டிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. இருமலில் வந்த நீரா, வேறா என்று தெரியாத நீர் நின்றது.

"எனக்குப் பயம் மகள்" என்றார். "அங்க போன ஆக்கள் திரும்பி வந்தத நான் காணல்ல."

என் வாப்பா அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரவில் தனியே வயல் காத்தவர். வயலுக்குள் யானை இறங்கினால் தீப்பந்தத்தோடு முதலில் ஓடியவர். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"போகாம இருந்த ஆக்களும் இப்ப இல்லயே வாப்பா."

கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "மாப்பிளைக்கு லீவு எடுக்க ஏலுமா?" என்று கேட்டார்.

நான்கு நாளில் இருவரும் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். அப்போதுதான் உம்மாவுக்குச் சொன்னோம். உம்மா அழவில்லை. அடுப்படிக்குப் போய், காரணமில்லாமல் எல்லாச் சட்டிகளையும் கழுவினார். கழுவியதையே திரும்பக் கழுவினார். வயலை வாப்பாவின் தம்பி பார்த்துக்கொண்டார்.

கணவரின் முதல் கடிதம் ஒரு கிழமையில் வந்தது. தொண்டையை வெட்டித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்களாம். அதற்குப் பிறகு பதினொரு நாள் ஒன்றும் இல்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் உம்மா உள்ளே ஓடுவார், நான் வாசலுக்கு ஓடுவேன். பன்னிரண்டாம் நாள் பகல் வந்தது கடிதம் அல்ல, தந்தி. எங்கள் ஊரில் தந்தி என்றால் மௌத்து, சாவுச் செய்திதான். தந்த ஆளும் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார்.

பிரித்தேன். இங்கிலீசு. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தது தமிழில். 'ஃபாதர்' என்ற ஒரு சொல் மட்டும் எழுத்துக்கூட்டி விளங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை விளங்கவில்லை.

உம்மாவிடம் காட்டாமல் தலைப்பைப் போட்டுக்கொண்டு, மூன்று ஒழுங்கை தள்ளியிருந்த இங்கிலீசு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தேன். வெயில் மணலில் கால் சுட்டது. செருப்பு போட மறந்திருந்தேன். வழியில் ஒரு மாமி, "எங்ககா போற?" என்று கேட்டார். பதில் சொன்னேனா என்று தெரியாது. கையில் இருப்பது வாப்பாவின் உயிரா மையித்தா என்று தெரியாமல் நடந்த அந்த மூன்று ஒழுங்கை, என் வாழ்க்கையில் நான் நடந்த மிகத் தூரமான பாதை. நடுவழியில் ஒரு தரம் நின்றுவிட்டேன். வாசிக்காத வரைக்கும் வாப்பா இருக்கிறார் என்று தோன்றியது. அங்கேயே நின்றுவிடலாம்போல இருந்தது.

மாஸ்டர் கிணற்றடியில் பகல் லுஹர்த் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்துகொண்டிருந்தார். ஈரக் கையை உதறிவிட்டுத் தாளை விரல் நுனியால் வாங்கினார். அவர் உதடு அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒபரேஷன் முடிஞ்சிதாம்" என்றார். "வாப்பா சுகமாம். கடிதம் வருகுதாம்."

"திரும்பப் படிங்க சேர்."

திரும்பப் படித்தார். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னேன். அவர் சலிக்காமல், ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் காட்டிப் படித்தார். நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஈர மண்ணில் இருந்துவிட்டேன். அவருடைய மனைவி ஓடிவந்து தண்ணீர் அள்ளி முகத்தில் தெளித்தார்.

வாப்பா மூன்று மாதம் கழித்து வந்தார். கட்டிக்குக் கதிர் வைத்ததில், எங்கள் பேச்சில் கரண்ட் பிடித்ததில், கழுத்து கறுத்து, ஆள் பாதியாகி, குரல் கிட்டப் போய்க் கேட்க வேண்டிய அளவுக்குத் தேய்ந்து வந்தார். பழைய குரல் பிறகு வரவேயில்லை. ஆனால் எட்டு வருஷம் இருந்தார். என் மூன்று பிள்ளைகளையும் மடியில் வைத்து, அந்தக் காற்றுக் குரலிலேயே அவர்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார். கேட்பதற்காகப் பிள்ளைகள் அவருடைய வாயருகே காதை வைத்துக்கொள்வார்கள்.